விசில் கைமாறிய ஆறு ஞாயிறு

பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்திய தலைமைப் பண்புப் பட்டறையின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலையில் முதல் பேருந்தைத் தவறவிட்டதால், நானும் மாஸ்டரும் சென்னையை ஒட்டிய பெரும்பாக்கம் போய்ச் சேர இருபது நிமிடம் தாமதமாகிவிட்டது. அவசர அவசரமாக உள்ளே நடந்தால், வந்திருந்த 26 பிள்ளைகளும் பிளாக் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் வாரம் நாங்கள் விட்டுவிட்டு வந்த பந்தும் கயிறும் அவர்கள் காலடியிலேயே கிடக்கின்றன, யாரும் தொடவில்லை. "ஏன்பா ஆரம்பிக்கல?" என்று கேட்டேன். "சார் வந்து சொல்லட்டும்னு இருந்தோம் சார்" என்றான் ஒருவன், ரொம்ப மரியாதையாக.

அந்த மரியாதைதான் என்னை உறுத்தியது. இதே பிள்ளைகள் தினமும் சாயங்காலம் இதே இடத்தில் யாரையும் கேட்காமல் ஆள் சேர்த்து, அணி பிரித்து, சண்டை போட்டு, சமாதானமாகி, வீட்டிலிருந்து நாலு தடவை கூப்பிடும் வரை விளையாடுகிறவர்கள். தலைமைப் பண்பு வளர்க்கிறோம் என்று நாங்கள் ஒரே ஒரு ஞாயிறு வந்து போனோம். அதற்குள் தங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்யவே எங்கள் அனுமதிக்குக் காத்திருக்கப் பழகிவிட்டார்கள். பட்டறை நடத்துகிற நாம் பொதுவாக நல்லபடியாக முடிந்ததை மட்டும்தான் எழுதுகிறோம். இங்கே தவறிய இடங்களையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் இதே வேலையில் இருப்பவர்களுக்கு அதுதான் கைகொடுக்கும்.

இடமும் ஆட்களும்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் எட்டு மாடி பிளாக்குகள் வரிசை வரிசையாக நிற்கிற இடம் பெரும்பாக்கம். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் பெயர் மாறிய அதே வாரியம்தான். கூவம் கரை, அடையாற்றங்கரை என்று நகரத்தின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து இடம் மாற்றப்பட்ட குடும்பங்கள் இங்கே ஒரே மாடியில் கதவுக்குக் கதவு குடியிருக்கிறார்கள். பழைய இடத்தில் மூன்று தலைமுறை ஒன்றாகப் பழகியவர்கள் இங்கே ஆளுக்கொரு பிளாக்கில். பிள்ளைகளும் அப்படித்தான், தங்கள் பிளாக் ஆட்களோடுதான் விளையாடுவார்கள், பக்கத்து பிளாக் பையன் வந்து நின்றால் "இது எங்க ஏரியா" என்பார்கள்.

நாங்கள் மூன்று பேர். நான் அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்குப் போன காலத்திலிருந்து இந்த வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டாமவர் மாஸ்டர், அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் படித்தது நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி, 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் தொடங்கியது. ஒரு ஆட்டத்தை முப்பது பேருக்குச் சொல்லிக்கொடுத்து, அத்தனை பேரையும் ஆடவைத்து, அடிபடாமல் வீட்டுக்கு அனுப்புவது ஒரு தனிப் படிப்பு என்று அங்கே கற்றதை மாஸ்டர் இன்றைக்கும் அடித்துச் சொல்வார். மூன்றாவது, கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தங்கை. பிள்ளைகளுக்கு அவள் அக்கா.

பொங்கல் முடிந்து ஆறு ஞாயிறு, காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை, அதற்கு மேல் சிமெண்ட் தரை கொதிக்க ஆரம்பித்துவிடும். 13 வயதிலிருந்து 17 வயது வரை, 15 பெண்கள், 11 பையன்கள்.

முதல் வாரம் செய்தது

முதலில் நான் நாற்பது நிமிடம் பேசினேன். தலைமை என்றால் என்ன, தலைவருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும், இப்படி. பிறகு மாஸ்டர் விசில் அடித்து ஐந்து ஆட்டம் நடத்தினார், அவர் நடத்தினால் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நொடி தொய்வு இருக்காது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மேல் மாடியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எனக்கும் மனசு நிறைந்துதான் வீட்டுக்குப் போனேன்.

படிக்கட்டுக் காட்சிக்குப் பிறகு நோட்டை எடுத்து, முதல் வாரம் அந்த இரண்டு மணி நேரத்தில் என்னென்ன முடிவுகள் எடுக்கப்பட்டன என்று எழுதிப் பார்த்தேன். எந்த ஆட்டம், யார் எந்த அணி, கோடு எங்கே, யார் அவுட், எப்போது நிறுத்துவது, தண்ணீர் இடைவேளை எப்போது. எல்லாவற்றையும் நாங்கள் மூவரே முடிவு செய்திருந்தோம், ஒரு பிள்ளை ஒரு முடிவு கூட எடுக்கவில்லை. அவர்கள் அன்று கற்றுக்கொண்டது சொன்னபடி கேட்பதைத்தான்.

இது புதிய கண்டுபிடிப்பே கிடையாது. 1907-இல் இங்கிலாந்தில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் சாரணர் முகாமிலேயே பையன்களை நான்கு அணியாகப் பிரித்து, ஒவ்வொரு அணிக்கும் ஒரு மூத்த பையனையே பொறுப்பாக வைத்தார்கள். நான் பயிற்சி கொடுக்கும்போதெல்லாம் இதைச் சொல்லியிருக்கிறேன். சொன்னதை நானே செய்யவில்லை.

விசிலைக் கழற்றிக் கொடுத்தது

மாஸ்டர் அங்கேயே, அந்தப் படிக்கட்டு முன்னாலேயே, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி முதல் படியில் இருந்த பெண்ணிடம் கொடுத்தார். அவளுக்கு 15 வயது இருக்கும். "நீ ஒரு ஆட்டம் நடத்தும்மா, கால் மணி நேரம்." எங்கள் மூவருக்கும் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம்: யாருக்காவது அடிபடும் என்று தோன்றினால் ஒழிய நாங்கள் வாயைத் திறக்கக் கூடாது.

அவள் கல்லா மண்ணா நடத்துவதாகச் சொன்னாள். எல்லாரையும் நிற்கவைத்து விதிமுறை சொல்ல ஆரம்பித்தாள். எது கல், எது மண், பிடிக்கிறவர் எங்கே நிற்க வேண்டும், கல்லில் எவ்வளவு நேரம் நிற்கலாம். அரை நிமிடத்தில் பின்னால் இருந்தவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவள் குரலை உயர்த்தினாள், பேச்சும் உயர்ந்தது. அப்புறம் அவள் பேசுவதையே நிறுத்திவிட்டு விசிலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றுவிட்டாள். முகம் சிவந்துவிட்டது. நான் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தேன், மாஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார், இறுக்கமாகவே பிடித்தார். எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று தெரியாது, இரண்டு மூன்று நிமிடம் இருக்கும், எனக்கு அது ரொம்ப நீளமாகத் தெரிந்தது.

பிறகு அவள் குனிந்து ஒரு உடைந்த செங்கல் துண்டை எடுத்தாள். சிமெண்ட் தரையில் சரசரவென்று ஐந்தாறு வட்டம் போட்டாள். பக்கத்தில் இருந்த இரண்டு பேரை இழுத்து ஒருத்தியை வட்டத்துக்குள்ளும் ஒருத்தனை வெளியிலும் நிறுத்தி, "டேய், இவள தொட முடியாது, இவன தொடலாம், அவ்ளோதான், ஓடுங்க" என்று விசில் அடித்தாள். எல்லாரும் ஓடினார்கள்.

நான் நாற்பது நிமிடம் பேசியும் சொல்ல முடியாததை அந்தச் செங்கல் துண்டு சொல்லிக்கொடுத்தது. காட்டினால் புரிகிறது, விளக்கினால் கலைகிறது. ஆனால் அவளே அதைக் கண்டுபிடிக்க அந்த இரண்டு மூன்று நிமிடம் தேவைப்பட்டது, நான் போய் உதவியிருந்தால் அவளுக்கு அது கிடைத்திருக்காது, அத்தனை பேர் முன்னால் "சார் வந்து காப்பாத்தினாரு" என்பதுதான் அவளுக்கு மிஞ்சியிருக்கும். பட்டறை நடத்துகிறவர்களுக்கு மிகக் கடினமான வேலை இந்தச் சும்மா நிற்பதுதான். ஆறு வாரத்தில் நான் மூன்று தடவை சட்டத்தை மீறினேன், மூன்று தடவையும் அந்த ஆட்டம் என் ஆட்டமாக மாறியது.

அன்றிலிருந்து இதுதான் முறை. ஒவ்வொரு வாரமும் இருவர் இருவராகச் சேர்ந்து கால் மணி நேரம் ஒரு ஆட்டம் நடத்துவார்கள். முடிந்ததும் எல்லாரும் வட்டமாக நின்று, உட்காராமல், மூன்று கேள்வி: என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது, அடுத்த தடவை என்ன மாற்றுவோம். ஆடியவர்கள் முதலில் பேச வேண்டும், நடத்தியவர்கள் அப்புறம், நாங்கள் கடைசியில், அதுவும் சொல்ல ஏதாவது இருந்தால் மட்டும். அமெரிக்கக் கல்வியியலாளர் டேவிட் கோல்ப் 1984-இல் எழுதிய அனுபவக் கற்றல் சுழற்சியும் இதைத்தான் சொல்கிறது: செய்வது, திரும்பிப் பார்ப்பது, ஒரு கருத்துக்கு வருவது, மறுபடி செய்து பார்ப்பது. இதில் நம் ஊர்ப் பட்டறைகளில் எப்போதும் விட்டுப்போவது திரும்பிப் பார்ப்பதுதான், நேரமில்லை என்று அதைத்தான் முதலில் வெட்டுகிறோம். எங்களுக்கு அது ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

உத்தி

அணி பிரிப்பதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு கேப்டன்கள் மாற்றி மாற்றி ஆள் எடுப்பார்கள். எப்போதும் கடைசியில் நிற்பது ஒரே பையன், புதிதாகக் குடிவந்தவன், கொஞ்சம் குண்டு. ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் அங்கே தனியாக நிற்பான், அப்புறம் "சரி, இவன நீயே வெச்சிக்கோ" என்பார்கள். மூன்றாவது வாரம் வட்டத்தில் அவன் எதுவும் சொல்லவில்லை. அவன் பக்கத்தில் நின்ற ஒரு பெண்தான் சொன்னாள், "எங்க ஆயா ஊர்ல உத்தி போட்டுத்தான் பிரிப்பாங்க, இப்படி இல்ல."

உத்தி தெரியாதவர்களுக்காக: ஏறக்குறைய சமமாக ஆடுகிற இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ரகசியமாக ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். "சூரியன் வேணுமா, சந்திரன் வேணுமா?" கேப்டன் ஒன்றைச் சொல்வார், அந்தப் பெயருக்கு உரியவர் அந்தப் பக்கம். யார் எது என்று கேப்டனுக்குத் தெரியாது. இதில் யாரும் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, அணியும் சமமாக அமைகிறது, அதற்கும் மேல் உன்னோடு சமமாக ஆடுகிறவர் யார் என்று நீயே பார்த்துப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது. வகுப்பறையில் இதை ஒரு மணி நேரம் பேசலாம். நம் கிராமத்துப் பிள்ளைகள் எப்போதோ ஆடிவிட்டுப் போனது. அந்தப் பையனோடு உத்தி போக முதலில் வந்தது அந்தப் பெண்தான்.

கபடியில் வந்த சண்டை

நான்காவது வாரம் பிளாக்குக்குப் பின்னால் இருக்கும் மண் தரையில் கபடி. நடத்தியவன் 14 வயதுப் பையன். ஒரு ரெய்டில் தொட்டானா தொடவில்லையா என்று வந்தது. "போங்கு, போங்கு" என்று ஒரு பக்கம், "அழுகுணி ஆட்டம் ஆடாத" என்று மறுபக்கம், இரண்டு வேறு பிளாக் பையன்கள் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அப்போது மாஸ்டர் உள்ளே போனார், அடிபடும் என்ற நிலை. பிரித்துவிட்டு வெளியே வந்துவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு பிளாக் பையன்கள் ஐந்து பேர் கிளம்பிப் போய்விட்டார்கள். ஆட்டம் நின்றது.

வட்டத்தில் நடத்திய பையன் அழுதுவிட்டான். தான் சரியாகப் பார்க்கவில்லை, ஆனாலும் அவுட் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னான், "பாக்கலன்னு சொன்னா யாரும் மதிக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்." யாரும் சிரிக்கவில்லை. ஒருவன், "பாக்கலன்னா மறுபடி ரெய்டு விட்டிருக்கலாம்ல" என்றான், சாதாரணமாக. அடுத்த வாரம் அதுவே விதியானது: நடத்துபவர் பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லலாம், ஆட்டம் அந்த இடத்திலிருந்து மறுபடி. போன ஐந்து பேரில் மூன்று பேர் திரும்பி வந்தார்கள். இருவர் கடைசி வரை வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு அந்தப் பையனே போய்க் கேட்டான், நாங்கள் அனுப்பவில்லை.

வராமல் போன பெண்கள்

அதே சமயம் இரண்டு பெண்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள், எங்களுக்கு அது உறைக்கவே இல்லை, பரீட்சை என்று நினைத்துக்கொண்டோம். அக்காதான் மாடி ஏறிப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அம்மா ஞாயிற்றுக்கிழமையும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது இவர்கள். முதல் வாரம் கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். "சின்னப் பசங்க ஓரமா உக்காருங்க" என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர்கள் அதைத் தங்களுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள். சரியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்று வயதுத் தம்பியை இடுப்பிலும் ஆறு வயதுத் தங்கையைக் கையிலும் வைத்துக்கொண்டு வீட்டையும் பார்க்கிற 14 வயதுப் பெண்ணுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுக்க வந்த நாங்கள், அவள் வர முடியாதபடி ஒரு பட்டறையை அமைத்திருந்தோம். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தம்தான்.

நான்காவது வாரமே வட்டத்தில் இதை வைத்தோம். தீர்வு பிள்ளைகளிடமே இருந்தது. தெரு ஆட்டத்தில் சின்னக் குழந்தையை ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் எல்லாருக்கும் தெரியும், அந்தக் குழந்தை ஓடும், பிடிபடும், ஆனால் அவுட் கிடையாது. அதற்கு நாம் சொல்லும் பழைய பெயரில் காலால் நடக்க முடியாதவர்களை இழிவாகக் குறிக்கும் ஒரு சொல் இருக்கிறது, அதை வேண்டாம் என்று ஒரு பெண் சொல்ல, "குட்டி பிளேயர்" என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு ஜோடியும் நடத்தும் ஆட்டத்தில் குட்டி பிளேயருக்கு ஒரு வேலை இருந்தே ஆக வேண்டும். அந்த இரண்டு பெண்களும் வந்தார்கள், குட்டிகளை வைத்து ஆட்டம் அமைப்பதில் மற்ற எல்லாரையும்விட அவர்களுக்குத்தான் கைப்பழக்கம். மூன்று வயதுப் பையனைக் கோட்டில் நிறுத்தி, "இவன் கைதட்டினா எல்லாரும் உறையணும்" என்று ஒருத்தி வைத்த ஆட்டம்தான் ஆறு வாரத்திலேயே அதிகம் பேர் மறுபடி கேட்டது.

பெரியவர்களுக்கு ஒரு மாலை

ஐந்தாவது ஞாயிறு மட்டும் மாலையில். பிளாக் பெரியவர்களுக்குப் பிள்ளைகளே ஒரு விளையாட்டு மாலை நடத்த வேண்டும், இடம் பிடிப்பது முதல் பெருக்குவது வரை அவர்கள் பொறுப்பு. பிளாக்குகளுக்கு நடுவில் இருந்த இடம் முழுக்க பைக்கும் ஆட்டோவும். வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள்: "அண்ணா, நாலுலேந்து ஆறு வரைக்கும் மட்டும் வண்டிய அந்தப் பக்கம் விடுறீங்களா? நாங்களே தள்ளி வெச்சிட்டு நாங்களே கொண்டாந்து விட்டுடறோம்." முதல் நாள் திட்டி அனுப்பிய ஒரு ஆட்டோக்காரரிடம் மறுநாள் அவர் மகளையே கூட்டிக்கொண்டு போனார்கள். இந்த யோசனை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்த்ததில்லை.

சுண்ணக்கட்டியால் தரையில் ஆடுபுலிக் கட்டம் போட்டார்கள், 3 புலி, 15 ஆடு, ஆட்டுக்குக் கூழாங்கல். தாயம் ஒரு பக்கம். பகடை வாங்கி வரவில்லையே என்று விழித்தபோது நாலாவது மாடி ஆயா ஒருவர் இறங்கி வந்து, மடியிலிருந்து புளியங்கொட்டையை எடுத்து, சொரசொரப்பான படிக்கட்டு ஓரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். கறுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும் வரை தேய்த்தார், ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, உள்ளங்கையில் குலுக்கிப் போட்டு எத்தனை வெள்ளை விழுகிறது என்று காட்டினார். சுற்றிலும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. பக்கத்து பிளாக் ஆயா ஒருவர், "எங்க பக்கம் இப்படி எண்ண மாட்டோம்" என்று சண்டைக்கு வர, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டார்கள், ஏழு மணிக்குத்தான் எழுந்தார்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அப்பா கேரம் போர்டை இறக்கினார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா எங்கள் பக்கத்துப் பொண்ணு என்று எல்லாரிடமும் சொன்னார், பெண் பிள்ளைகள் போர்டைவிட்டு நகரவில்லை.

கடைசி வாரமும் அதற்குப் பின்னும்

ஆறாவது வாரத்துக்கு ஒரு அமைப்பு உதவ முன்வந்தது. மேடை, பேனர், சிறப்பு விருந்தினர், சான்றிதழ், ஒரு மணி நேர உரை எல்லாம் கேட்டார்கள். அந்த இரண்டு மணி நேரமும் பிள்ளைகளுடையது என்று சொன்னோம், விலகிக்கொண்டார்கள். சான்றிதழ் இல்லை என்பதில் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏமாற்றம், வேலைக்குக் காட்டலாம் என்று இருந்திருக்கிறார்கள். அதை நான் சரியாக யோசிக்கவில்லை. அடுத்த முறை யார் எந்த ஆட்டத்தை நடத்தினார்கள் என்று எழுதி, பொத்தாம்பொதுவான வரி எதுவும் இல்லாமல், நாங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கப்போகிறோம்.

செலவு மொத்தம் 4,300 ரூபாய். விசில், கயிறு, சுண்ணக்கட்டி, ஒரு பந்து, முதலுதவிப் பெட்டி, தண்ணீர் கேன், வாரா வாரம் வாழைப்பழமும் கடலை மிட்டாயும். மூவரும் பகிர்ந்துகொண்டோம்.

இரண்டு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது ஜோடிகள் சேர்ந்து அமைந்த ஆறு குழுக்களில் இரண்டு குழு ஞாயிறுதோறும் தொடர்ந்து நடத்திக்கொண்டிருந்தன, அதில் ஒன்று குட்டி பிளேயர் குழு. மூன்று குழு பரீட்சையோடு கலைந்துவிட்டன. ஆறாவது குழு கலைந்ததற்குக் காரணம், செங்கல் துண்டால் வட்டம் போட்ட அந்தப் பெண் தி.நகரில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டாள், ஞாயிறும் வேலை, மற்றவர்கள் அவள் இல்லாமல் கூடவில்லை. ஒருவர் கையிலேயே விசில் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை இதில் பார்த்தோம், ஜோடிகளை நாங்கள் ஒரு தடவை கூட மாற்றவில்லை.

ஜூனில் அடுத்த அணி தொடங்குகிறது. அந்த இரண்டு குழுவிலிருந்து நாலு பேர் நடத்துகிறார்கள், ஜோடி வாரா வாரம் மாறும், குட்டிகளுக்கு முதல் நாளிலிருந்தே வருகைப் பதிவு உண்டு. மாஸ்டர் வருவார், விசில் கொண்டுவர மாட்டார்.